இரண்டு எறும்புப் பறவைகளும் ஒரு சிவப்பு ஸ்டிக்கரும்

"உனக்கு நல்ல கண்ணு" என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்ன மாத்திரத்தில் அந்தக் கண்ணுக்குத் திமிர் வந்துவிடும், பிறகு அது எதிரே இருப்பதைப் பார்க்காது, தனக்குத் தெரிந்ததைத்தான் பார்க்கும். என் கண்ணுக்கு அந்தத் திமிர் இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரகடத்தில் எங்கள் கம்பெனி வண்டி நிறுத்துமிடத்தில் போட்ட பந்தலில், பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்த நேரத்தில். எதிரே நின்றவர்கள் என் அப்பா, என் அம்மா, பிளான்ட் ஹெட், பிரேசிலிலிருந்து வந்த ஒரு பெண்மணி. பக்கத்தில் ஸ்பீக்கரோடு நின்றது நான் கட்டிக்கொள்ள நினைத்திருந்த ஆள். (மானம் போவது என்று ஆன பிறகு கூட்டம் குறைவாக இருந்தால் நன்றாகவா இருக்கும்?)

கார் கதவைத் திறந்தால் உள்பக்கம் கை வைக்கிறோமே, அந்தப் பிளாஸ்டிக் பலகையைச் செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் அங்கே ட்ரெய்னி. லைனின் கடைசியில் விளக்கு வெளிச்சத்தில் நின்று, வருகிற பலகையை எல்லாம் கண்ணால் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், கீறலோ நிறக்கோளாறோ இருந்தால் 'என்ஜி' என்று போட்ட சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். என்ஜி என்றால் தேறாது என்று அர்த்தம். அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் சுருள் என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். தூங்கும்போது மட்டும் இருக்காது என்று சொல்ல நினைத்தேன், அதுவும் உறுதியில்லை.

பலகையில் கறுப்பு ஒரு மாடல், பிரௌன் ஒரு மாடல். இரண்டும் ஒரே அச்சில்தான் வரும். ஆனால் ஒரே வண்டிக்குப் போகக் கூடாது. போனால் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து வருகிற போனில் எங்கள் டிபார்ட்மென்டைப் பார்த்துக்கொள்கிற முரளி சாருக்குப் பாதி முடி கொட்டிவிடும். ஒருமுறை கறுப்புப் பெட்டிக்குள் பதுங்கியிருந்த ஒரு பிரௌன் பலகையை நான் பிடித்துவிட்டேன். அன்றிலிருந்து லைனில் எனக்குப் பெயர் கலைவாணி இல்லை, 'கண்ணு'. கெடுதல் ஆரம்பித்தது அங்கேதான்.

இனி அந்தோணி. தூத்துக்குடிப் பக்கம், டூல் ரூமில் அச்சுகளைப் பழுது பார்க்கிற வேலை. கேன்டீன் வரிசையில் ஆரம்பித்த பேச்சு கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டது, எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் மட்டும் வரவில்லை. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு பெரியப்பா வீடு. பக்கத்து ஊர் மணிமங்கலத்துக்காரனே அவருக்கு வெளியூர்க்காரன். அவரிடம் போய்த் தூத்துக்குடி என்றும் மாதா கோயில் என்றும் எந்த வாயால் சொல்வது? வேலை நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று அந்தோணியிடம் தவணை வாங்கியிருந்தேன். பர்மனென்ட் ஆன பெண்ணின் பேச்சுக்கு வீட்டில் ஒரு கனம் உண்டு. ட்ரெய்னி பேச்சு அடுப்படியைத் தாண்டாது. என் ட்ரெய்னிங் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. எங்கள் ட்ரெய்னி கூட்டத்தில் எல்லோரையும் எடுக்கப் போவதில்லை என்றும் தெரியும். உண்மையைச் சொன்னால் பயமாகத்தான் இருந்தது.

இந்த நேரத்தில்தான் முரளி சார் கூப்பிட்டார். "கண்ணு, ஃபேமிலி டேக்கு பிரேசில் பிளான்ட்லேர்ந்து ஒரு மேடம் வர்றாங்க. ஹெலினான்னு பேரு. அவங்களுக்குப் பறவைன்னா உசுராம். நம்ம டிபார்ட்மென்ட் ஸ்டால்ல அவங்க ஊர்ப் பறவை எதுனா வெச்சி அசத்தணும். பிளான்ட் ஹெட்டும் கூட வருவாரு. நீ நல்லா பண்ணிடு, உன் கன்ஃபர்மேஷனை நான் பேசிக்கிறேன்."

எனக்குத் தெரிந்த பறவைகள் காக்கா, மைனா, ஜேசிபி பின்னால் நடக்கிற கொக்கு. ஆனாலும் "பண்ணிடலாம் சார்" என்றேன். (நல்ல கண் இருப்பவர்களுக்கு வாயும் நீளம்.)

போனில் தேடியதில் தென் அமெரிக்காவில் எறும்புப் பறவைகள் என்று ஒரு பெரிய குடும்பமே இருப்பது தெரிந்தது. எறும்பைத் தின்பதால் அந்தப் பெயர் வந்தது என்று நினைத்தேன். இல்லையாம். அங்கே காட்டில் எறும்புகள் படையாகக் கிளம்பி வழியில் இருப்பதை எல்லாம் கலைத்துக்கொண்டு போகும். உயிருக்குப் பயந்து ஓடுகிற வெட்டுக்கிளியையும் கரப்பானையும், இந்தக் குடும்பத்துப் பறவைகள் சில, படையின் கூடவே போய்க் கொத்தித் தின்னும். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் எந்த வயலில் ஜேசிபி இறங்கி மண்ணைப் புரட்டினாலும் பின்னாலேயே கொக்குகள் வரிசை கட்டி வரும். வயல் கம்பெனியாகிற கவலை கொக்குக்கு எதற்கு, அதற்குப் புழு கிடைத்தால் சரி. இதை ஸ்டாலில் சொன்னால் ஹெலினா மேடம் அசந்துவிடுவார் என்று குறித்துக்கொண்டேன்.

அந்தக் குடும்பத்தில் நெருங்கிய சொந்தமான இரண்டு இனங்களை எடுத்துக்கொண்டேன். ஒன்றின் பெயருக்கு நான் வைத்த தமிழ் 'வரிப்பறவை', உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள். இன்னொன்று 'செம்முதுகு'. பெயரே சொல்கிறதே, முதுகு செம்பழுப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கள் லைனில் நல்ல பலகையையும் கெட்ட பலகையையும் ஒப்பிட்டு மாட்டியிருப்போமே, அதே மாதிரி ஒரு போர்டு செய்வது என்று முடிவு. தலைப்பு, 'வித்தியாசம் கண்டுபிடிப்பதே எங்கள் வேலை.'

படங்களைத் தேடினேன். போன் திரை முழுக்கப் பறவைகள் கொட்டின. பட்டை போட்ட ஒன்றை எடுத்தேன், அது வரிப்பறவை. முழுக்கப் பழுப்பாக, இலவங்கப்பட்டை நிறத்தில், கொண்டை வைத்துக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. பழுப்பு என்றால் செம்முதுகு தானே? எடுத்தேன். படத்தின் கீழே பெயர் என்று ஒன்று போட்டிருப்பார்கள், அதைப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கறுப்பு ஒரு மாடல், பிரௌன் ஒரு மாடல். இதற்குப் பெயர் வேறு படிப்பார்களா?

போர்டு தயாரானது. அலகு, நுனியில் கொக்கி, இரண்டிலும் ஒன்றே. கண், வெளிர் மஞ்சள், இரண்டிலும் ஒன்றே. கொண்டை, கால், உடம்பின் அளவு, எல்லாம் ஒன்றே. பழுப்புப் பறவையின் கன்னத்தில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடுகள் இருந்தன. அவற்றை நான் கீறல் கணக்கில் தள்ளிவிட்டேன்.

படங்களைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்த அந்தோணி போர்டை ரொம்ப நேரம் பார்த்தான். "ஏ பிள்ள, மூக்கு ரெண்டும் ஒண்ணு போலல்லா இருக்கு? கண்ணும் அப்படித்தான். ஒரே அச்சுல அடிச்ச மாரில்லா தெரியுது."

"நீ டூல் ரூம். அச்சைப் பாப்ப. கலரைப் பாக்கறது என் வேலை. கலர் வேறயா இல்லையா?"

"வேறதான்."

"அப்ப வேற மாடல். போய் ஸ்பீக்கரை ரெடி பண்ணு."

ஸ்பீக்கர் என்னுடைய இன்னொரு சாமர்த்தியம். வரிப்பறவையின் குரல் பதிவு ஒன்று கிடைத்திருந்தது. முதலில் ஒரு குரல் மெதுவாக ஆரம்பித்து, வேக வேகமாக ஏறி, கடைசியில் 'ஞா' என்று குரைத்த மாதிரி முடியும். அது முடிவதற்குள் இன்னொரு குரல், கொஞ்சம் உயரத்தில், அதே ராகத்தைச் சுருக்கிச் சொல்லும். திரும்ப முதல் குரல். திரும்ப இரண்டாவது. எனக்கு ஐயமே வரவில்லை. வரிப்பறவையும் செம்முதுகும் ஒரே புதருக்காகப் போடுகிற சண்டை இது.

வீட்டு ஆட்களைக் கம்பெனிக்குக் கூட்டி வருகிற அந்த ஃபேமிலி டே வந்தது. அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அம்மா அரக்குப் பட்டுப் புடவை, அதன் மேல் கம்பெனி கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடி. மெஷின் ஓடுகிற ஷாப் ஃப்ளோரில் மஞ்சள் கோட்டுக்குள்தான் நடக்க வேண்டும் என்று வாசலில் சொன்னதை அம்மா வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வெளியே பந்தலுக்கு வந்த பிறகும் "கோடு எங்கடி கீது?" என்று தேடிக்கொண்டிருந்தார். என் திட்டம் எளிமையானது. போர்டைக் காட்டி ஹெலினா மேடத்தை அசத்துவது, அந்தச் சூட்டோடு சூடாக "இவர் அந்தோணி, டூல் ரூம்" என்று அப்பாவிடம் சும்மா ஓர் அறிமுகம். விதை போட்டு வைத்தால் பின்னால் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம்.

ஹெலினா மேடம் வந்தார். குட்டையான உருவம், நரைத்த சுருட்டை முடி, யாரைப் பார்த்தாலும் சிரிப்பு. அவர் பேசிய ஆங்கிலம் எனக்கு நன்றாகவே புரிந்தது. இரண்டு பேருக்குமே அது சொந்த பாஷை இல்லை என்பது பெரிய வசதி. போர்டைப் பார்த்ததும் அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "எங்கள் ஊர்ப் பறவை! இங்கேயா!" கண்ணில் தண்ணீர் கூட வந்த மாதிரி இருந்தது. முரளி சார் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். நான் காற்றில் மிதந்தேன்.

ஆங்கிலத்தில் ஒரு வரி, அப்பா அம்மாவுக்காகத் தமிழில் ஒரு வரி என்று வெளுத்து வாங்கினேன். ஜேசிபியும் கொக்கும் சொன்னபோது மேடம் கைதட்டினார். அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் இன்று இந்தக் கட்டுரை எழுத வேண்டியிருக்காது.

"இந்த இரண்டும் வேறு வேறு இனம். பார்த்தாலே தெரியும். ஒன்றுக்கொன்று ஆகாது. ஒரே புதரில் இரண்டும் சேர்ந்து இருக்கவே இருக்காது" என்று சொல்லிவிட்டு, அந்தோணிக்குச் சைகை காட்டினேன். "இப்போது அவற்றின் சண்டையைக் கேட்போம்."

ஸ்பீக்கர் பாடியது. கூட்டம் ரசித்தது. ஹெலினா மேடத்தின் சிரிப்பு மட்டும் மெல்ல வேறு மாதிரியாகியது. பக்கத்தில் வந்து என் தோளில் கை வைத்தார்.

"மகளே, இது சண்டை இல்லை. இது ஜோடிப் பாட்டு. இந்தப் பட்டை போட்டவர் புருஷன். இந்தப் பழுப்பு நிறக்காரி அவர் மனைவி. இரண்டும் ஒரே இனம். புதரை விட்டு வெளியே வராமல், எப்போதும் சேர்ந்தே இருப்பார்கள்."

அவர் போனில் உண்மையான செம்முதுகைக் காட்டினார். முதுகும் இறக்கையும்தான் செம்பழுப்பு, அடியில் அதற்கும் கறுப்பு வெள்ளைப் பட்டை. அதில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரி, ஆணுக்குத் தலை கறுப்பு, பெண்ணுக்குத் தலையும் பழுப்பு. நான் தேடிய இரண்டாவது இனம் போர்டிலேயே இல்லை. ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டு நிற்க வைத்து, நீங்கள் யாரோ அவர் யாரோ என்று ஊர் முன்னால் பிரித்து வைத்திருக்கிறேன்.

முரளி சார் இதைத் தமிழில் எல்லோருக்கும் சொன்னார். (சொல்லாமல் இருந்திருக்கலாம். அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.) உடனே என் அம்மா, பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உரக்கச் சொன்னார்.

"அப்ப என் பொண்ணு சொன்னது சரிதானேம்மா! புருஷன் பொண்டாட்டின்னா சண்டைதான?"

பந்தல் இடிந்து விழாத குறை. பிளான்ட் ஹெட் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹெலினா மேடத்துக்கு யாரோ அதை மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இதற்கிடையில் பதற்றத்தில் அந்தோணி ஸ்பீக்கரை நிறுத்துவதற்குப் பதில் சத்தத்தைக் கூட்டிவிட்டான். புருஷனும் பொண்டாட்டியும் பந்தல் அதிரப் பாடிக்கொண்டே இருந்தார்கள். அவன் எல்லாப் பட்டனையும் அமுக்கினான். பிளக்கைத் தேடினான். வியர்த்து ஊற்றியது. நான் அவனைப் பார்க்க, அவன் என்னைப் பார்க்க, அப்பா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

என் வேலை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதோடு கல்யாணமும். அப்போது என் கை, என்னைக் கேட்காமலே, சட்டைப் பைக்குள் போனது. பழக்க தோஷம். தப்பான சரக்கு எதிரே இருந்தால் அது செய்கிற ஒரே காரியம் அதுதான். ஒரு சிவப்பு ஸ்டிக்கரைக் கிழித்து, என் போர்டின் தலைப்பின் மேலேயே அழுத்தி ஒட்டினேன். என்ஜி.

சிரிப்பு நின்றது. ஹெலினா மேடம் அந்த ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிளான்ட் ஹெட் பக்கம் திரும்பினார்.

"எங்கள் பிளான்டில் தன் தப்பை மேஜைக்கு அடியில் தள்ளுகிறவர்கள் நிறைய. விருந்தாளி முன்னால் சிவப்பு ஒட்டுகிற ஆளை நான் பார்த்ததில்லை. இந்தப் பெண்ணை எந்த லைனில் வைத்திருக்கிறீர்கள்?"

பிறகு என்னிடம் குனிந்து, "நீ பார்த்த அலகு, கண், கொண்டை எல்லாம் சரி. முடிவுதான் தப்பு. இது கழிவு இல்லை மகளே, ரீவொர்க்" என்றார். எங்கள் தொழிலில் இதைவிட ஆறுதலான வார்த்தை கிடையாது. சரி செய்தால் வண்டியில் ஏறிவிடும் என்று அர்த்தம். நான் அப்போதுதான் அழுதேன்.

வீட்டுக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். தண்டலம் போகிற பாதை பிரிகிற இடம் வந்ததும், வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"அந்த ஸ்பீக்கர் தம்பி எந்த ஊரு?"

"யாருப்பா?" என்றேன். (என்ன நடிப்பு!)

"அத்தினி பேரும் சிரிக்கசொல்ல ஒருத்தன் மட்டும் சிரிக்கல. பொட்டிய வுட்டுட்டு உன் மூஞ்சியவே பாத்துகினு கெடந்தான். எனக்கும் கண்ணு கீதும்மா."

மறைக்க வேறு எதுவும் மிச்சம் இல்லை. ஊர், வேலை, மாதா கோயில், எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா "ம்" என்றார். அந்த 'ம்' பச்சையா சிவப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அதோடு இரண்டு வாரம் திண்டாடினேன்.

அடுத்த மாதம் வந்த பர்மனென்ட் பட்டியலில் என் பெயர் இருந்தது. "இது உனக்குக் கெடச்சதுன்னு நெனச்சிக்காத, அந்த ஸ்டிக்கருக்குக் கெடச்சது" என்று முரளி சார் சொன்னார். நான் இனிப்போடு வீட்டுக்குப் போனால், அந்தோணி விஷயம் எனக்கு முன்பே பெரியப்பா காதுக்குப் போய்விட்டிருந்தது. கூடத்தில் பெரியப்பா.

"இன்னாடா இது? அவங்க யாரு, நாம யாரு? ஊரு வேற, சாமி வேற, பேச்சு வேற. ரெண்டும் எப்டிடா ஒண்ணா வரும்? பாத்தாலே தெர்லியா?"

அப்பா நான் கொண்டுவந்த டப்பாவைத் திறந்து, ஒரு பால்கோவாவை எடுத்து அண்ணன் கையில் வைத்தார்.

"இதே மாதிரிதாண்ணா எம்பொண்ணும் சொல்லிச்சு. கலரு வேற, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது, பாத்தாலே தெரியும்னு. அம்மாம் பெரிய பந்தல்ல, வெள்ளக்காரம்மா முன்னாடி. கடசில பாத்தா அந்தப் பறவைங்க ரெண்டும் புருஷன் பொண்டாட்டி. அன்னிக்கி நான் மொத வரிசைல நின்னுகினு இருந்தேன். ஒரு குடும்பத்துக்கு ஒருவாட்டி மானம் போனா போதும்ணா."

பெரியப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் பறவை, எந்த வெள்ளைக்காரம்மா என்று கேட்டார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து முழுக் கதையையும் சொன்னார், 'ஞா' என்று குரைக்கிற இடம் உட்பட. பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் கதை முடிவதற்குள் பால்கோவாவைத் தின்றுவிட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். (இன்று வரைக்கும் அவர் அதை மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.)

கல்யாணத்துக்கு டூல் ரூம்காரர்கள் அந்தப் போர்டைச் சட்டம் போட்டுப் பரிசாகக் கொடுத்தார்கள். சிவப்பு ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. அதன் கீழே அந்தோணி ஒரு பச்சையையும் ஒட்டி வைத்திருக்கிறான், முறைப்படி அது தப்பு, ஒரு சரக்குக்கு ஒரு ஸ்டிக்கர்தான். இதைப் பற்றியே எங்களுக்குள் இதுவரை பலமுறை வாக்குவாதம் வந்திருக்கிறது.

நாங்கள் இருப்பது அப்பா வீட்டில்தான். குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், பக்கத்து அறையிலிருந்து அம்மா கேட்பார்: "இன்னாடி, பாட்டா சண்டையா?"

"பாட்டுதாம்மா" என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கத்துவோம்.